பிரிவது வேறு, கைமாற்றுவது வேறு

2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. சென்னைக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர் ஜடேஜா. 2018, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோப்பைகளில் பங்குள்ளவர். 18 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்டிருந்த அவர், 14 கோடிக்கு இறக்கப்பட்டு ராஜஸ்தானுக்குப் போனார். சாம்சன் தம் 18 கோடி விலையோடு சென்னைக்கு வந்தார். கரன் தம் 2.4 கோடியோடு ஜடேஜாவின் பின்னே அனுப்பப்பட்டார்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்றைக் கணக்குக் கட்சி என்பேன். முப்பத்தேழு வயதை எட்டிக்கொண்டிருந்தவரைக் கொடுத்து முப்பத்தொரு வயதுக்காரரை வாங்கியது நல்ல வியாபாரம் என்பது அதன் தீர்ப்பு. மற்றது கண்ணீர்க் கட்சி. கோப்பை வென்று தந்தவனைத் தூக்கிக் கொடுத்தது துரோகம் என்பது அதன் புலம்பல். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலும் ஆரணிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலும் இவ்விரு கட்சிகளும் மோதிக்கொண்டதைப் பல நாள் கேட்டேன். இரண்டுமே கேட்டது ஒரே கேள்விதான்: அணி தன் நட்சத்திர வீரரை விட்டுக்கொடுக்கலாமா, கூடாதா?

கேள்வியே பிழை என்பது என் கட்சி. நட்சத்திரத்தைப் பிரிவதில் குற்றம் எதுவுமில்லை. அவரைக் கைமாற்றுவதில்தான் குற்றம் இருக்கிறது. பிரிவு என்பது இருவருக்கும் விலகும் உரிமை உள்ள இடத்தில் நிகழ்வது. கைமாற்றம் என்பது உடைமைக்கு நேர்வது. இந்த வேறுபாடு நம் கண்ணில் படாமல் போனதுதான் இந்த விவகாரத்தில் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். இந்த வழக்கு பெரும்பாலும் சொற்களைப் பற்றியது. ஆகையால் நம் துறைக்கு உரியது.

1

ஏலம் என்ற சொல்லை நம் ஊர்களில் எங்கெல்லாம் கேட்கிறோம்? மீட்கப்படாத அடகு நகைக்கு ஏலம் உண்டு. ஏரி மீனுக்கு உண்டு. புளியமரத்து மகசூலுக்கும் கோயில் நிலக் குத்தகைக்கும் உண்டு. 2008 பிப்ரவரியில் ஐ.பி.எல். தொடங்கியபோது அந்தச் சொல் முதன்முறையாக நம் கிரிக்கெட் வீரர்கள்மேல் வந்து அமர்ந்தது. மகேந்திர சிங் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. மனிதரை ஏலம் விடுவதா என்று அப்போது கூச்சப்பட்டவர்கள் பலர். இன்று அந்தக் கூச்சம் யாருக்கும் இல்லை. ஏல நாளன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, இன்னாருக்கு இவ்வளவு அதிகம், இன்னார் மலிவாகக் கிடைத்தார் என்று சந்தைக்குப் போய்வந்தவர்கள்போல் பேசிக்கொள்கிறோம்.

அடுத்து வந்தவை தக்கவைத்தல், விடுவித்தல் என்னும் இரண்டு. கையில் உள்ள பொருளையும் பதவியையும் தக்கவைத்துக்கொள்வார்கள். கைதியை விடுவிப்பார்கள். ஒருவர் வேலையை விட்டு நீக்கப்படுவதற்கு 'விடுவித்தல்' என்று பெயரிடும்போது, அதுவரை அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் அச்சொல் சொல்லிவிடுகிறது. சொன்னவர்கள் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது 'டிரேட்'. நம் நாளேடுகள் இதை 'வீரர் பரிமாற்றம்' என்று நாகரிகமாகத் தமிழாக்கின. கருத்தைப் பரிமாறிக்கொள்வோம், வாழ்த்தைப் பரிமாறிக்கொள்வோம். அங்கெல்லாம் பரிமாறுகிறவர்கள் மனிதர்கள். இங்கே பரிமாறப்பட்டவர்களே மனிதர்கள். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய உமணரைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும் நமக்கு இதன் உண்மையான பெயர் தெரியும். இது பண்டமாற்று. பண்டமாற்றின் இலக்கணப்படி தராசின் இரு தட்டும் நிகராக வேண்டும். ஒரு தட்டில் 18 கோடி இருக்க, மறு தட்டில் 14 கோடி வைத்தால் முள் நிற்காது. ஆகவே கரன் சேர்க்கப்பட்டார். இங்கிலாந்து 2022ஆம் ஆண்டு இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது தொடர் நாயகன் அவர்தான். அதே ஆண்டின் இறுதியில் பஞ்சாப் அணி அவரை 18.5 கோடிக்கு எடுத்தபோது ஐ.பி.எல். வரலாற்றிலேயே உயர்ந்த விலை அது. மூன்றாண்டு கழித்து அவர் கத்தரிக்காய் வாங்கினால் கைநிறையக் கிள்ளிப் போடும் கறிவேப்பிலை ஆகிவிட்டார். கொசுறு என்ற சொல்லை இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் பயன்படுத்த முடியாது.

சொற்களில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. முதலாளியின் கணக்கேட்டுக்குரிய சொற்கள் ரசிகனின் வாய்க்கு வந்துவிட்டன என்பது இருக்கிறது. அணியின் ஒரு பங்குகூட இல்லாதவன் 'நம்ம பர்ஸில் இவ்வளவு மிச்சம்' என்கிறான். ஆடுகிறவரைச் 'சொத்து' என்கிறான். பார்வையாளன் உரிமையாளனின் கண்ணை இரவல் வாங்கி அணிந்துகொண்டிருக்கிறான். அந்தக் கண்ணுக்குக் கைமாற்றத்தில் தவறு தெரியாது.

2

கணக்குக் கட்சியின் வாதத்தைக் குறைத்துக் கூறி வெல்வது முறையன்று. அதன் வலிமையை முழுதாகவே முன்வைக்கிறேன்.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னை பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் காயம்பட்டு விலக, நாற்பத்து மூன்று வயதுத் தோனி மீண்டும் தலைமை ஏற்க நேர்ந்தது. தோனிக்குப் பின் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்ற வினாவைச் சென்னை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டு வந்தது. சாம்சன் விக்கெட் காப்பாளர், அதிரடியாகத் தொடங்கும் மட்டையாளர், தலைமை தாங்கிய அனுபவம் உள்ளவர், போதாக்குறைக்குப் பக்கத்துக் கேரளத்துக்காரர். ஜடேஜாவோ இந்திய அணியின் இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து 2024இல் ஓய்வு அறிவித்துவிட்டவர். பழைய வீரர்களை நம்பியே காலம் தள்ளிய அணி ஒருநாள் அந்தப் பழக்கத்தை விட்டுத்தான் ஆகவேண்டும்.

உலக வழக்கும் இதற்கு ஆதரவு தரும். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அந்த இடத்தில் நின்று சான் பிரான்சிஸ்கோ அணிக்கு நான்கு பட்டங்களை வென்று தந்தவர் ஜோ மொன்டானா. 1993இல் அவரைக் கான்சஸ் சிட்டி அணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஊரே பதறியது. ஆனால் அவருடைய இடத்துக்கு வந்த ஸ்டீவ் யங் 1995 ஜனவரியில் பட்டம் வென்றார். பிரிந்தது பிழையில்லை என்று களம் தீர்ப்பளித்தது. மாறாக, பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்ற பாஸ்டன் பேஸ்பால் அணி, 1918க்குப் பிறகு அடுத்த பட்டத்துக்கு 2004 வரை காத்திருந்தது. ஆக, நட்சத்திரத்தைப் பிரிந்து வென்றவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. இது ஆட்ட நுணுக்கம் சார்ந்த கணிப்பு. சென்னையின் கணிப்பு சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதனோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் மொன்டானா கதையில் கணக்குக் கட்சியார் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. அவர் வேறு அணிகளோடு தாமே பேசினார். வேறோர் அணி முன்வந்திருந்தும் கான்சஸ் சிட்டியைத் தேர்ந்தவர் அவரே. போகிற ஊரைப் போகிறவர் தீர்மானித்தார். இதைத்தான் பிரிவு என்கிறேன்.

3

ஜடேஜாவின் கதையில் இந்த உரிமைக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

2008இல் பத்தொன்பது வயதில் அவர் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு வந்தார். ஷேன் வார்னின் தலைமையில் அந்த அணி முதல் கோப்பையை வென்றது. 2009இல் ஐ.பி.எல். அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் முறை வந்தது. ஜாகீர் கான் பெங்களூரிலிருந்து மும்பைக்கும், ராபின் உத்தப்பா மும்பையிலிருந்து பெங்களூருக்கும் மாறினார்கள். முதலாளிகள் இருவர் பேசினார்கள், இரு வீரர்கள் இடம் மாறினார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 2010இல், இருபத்தொரு வயது ஜடேஜா அதையே தாமே செய்ய முயன்றார். ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வேறோர் அணியோடு நேரடியாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. ஐ.பி.எல். நிர்வாகம் அவரை ஒரு பருவம் முழுவதும் ஆட விடாமல் தடை செய்தது.

பதினைந்தாண்டு கழித்து, அதே ஜடேஜா அதே ராஜஸ்தானுக்கு அனுப்பப்படுகிறார். இம்முறை பேசியவர்கள் இரு அணிகளின் நிர்வாகிகள். தடை இல்லை. அறிக்கை உண்டு, வாழ்த்து உண்டு, பழைய வீட்டுக்குத் திரும்பினார் என்ற உருக்கமான வாசகங்கள் உண்டு. ஒரே செயல்தான். அணியில் இருக்கும்போதே வேறோர் அணியோடு பேசி இடம் மாறுவது. வீரர் செய்தால் ஓராண்டுத் தண்டனை. முதலாளி செய்தால் மதிநுட்பம். இந்த முழு வழக்கும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது என்றே எண்ணுகிறேன்.

இடைப்பட்ட ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். 2011இல் கொச்சி அணி எடுத்தது. அந்த அணியே அவ்வாண்டு கலைந்தது. 2012இல் சென்னை 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. சூதாட்ட வழக்கின் விளைவாக 2016, 2017 ஆகிய இரு பருவங்கள் சென்னை அணி விலக்கி வைக்கப்பட்டபோது குஜராத் லயன்ஸுக்குப் போனார். 2018இல் திரும்பினார். 2022இல் தோனியைவிட அதிகத் தொகைக்கு, 16 கோடிக்கு, தக்கவைக்கப்பட்டுத் தலைவராக்கப்பட்டு, எட்டு ஆட்டங்களோடு தலைமையைத் திருப்பிக் கொடுத்தார். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டம் தேவைப்பட்டபோது ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்தார். அந்த நள்ளிரவில் அவரைத் தூக்கிக்கொண்ட தோனியின் படத்தைத் தமிழ்நாடு முழுதும் திரைப்பின்னணியாக வைத்துக்கொண்டது.

சாம்சனின் நிலையும் இதற்கு மறுபக்கமே. அவர் ராஜஸ்தானைவிட்டு விலக விரும்பினார் என்று 2025 ஆகஸ்டு முதலே ஊடகங்கள் எழுதின. ஆனால் விலக விரும்பும் ஒருவர், அவர் எடைக்கு ஈடான மற்றொருவர் தராசில் வைக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் காத்திருந்தார். அவருடைய விடுதலைக்கு விலை மற்றொருவரின் இடமாற்றம்.

4

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, வீரரின் சம்மதம் இல்லாமல் பரிமாற்றம் செய்ய விதி அனுமதிப்பதில்லையே என்பது. உண்மை. ஜடேஜா சம்மதித்தார். மனம் மகிழ்ந்தே சம்மதித்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சம்மதம் என்பது பேச்சின் முடிவில் நீட்டப்படும் தாளில் போடும் கையெழுத்து மட்டுமா? பேச்சைத் தொடங்கும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டுமே இருக்கிறது. தன்னை வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்ட இடத்தில் நின்றுகொண்டு 'நான் போகமாட்டேன்' என்று சொல்லும் வீரனுக்கு எஞ்சுவது ஏல மேடை. 18 கோடி 14 கோடியாகக் குறைந்ததற்கும் அவர் சம்மதித்தார் என்பதை நினைவில் கொள்க.

இரண்டாவது, ஒப்பந்தம் முடிந்ததும் வீரர் தக்கவைப்பை மறுத்துவிட்டுப் போகலாமே என்பது. போகலாம், பலர் போயிருக்கிறார்கள். ஆனால் எங்கே போவது என்பது அவர் கையில் இல்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த தினேஷ் கார்த்திக் ஆறு ஐ.பி.எல். அணிகளுக்கு ஆடினார். சென்னை அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அஸ்வின் 2015க்குப் பின் சென்னைச் சட்டையை மீண்டும் அணியப் பத்தாண்டு ஆயிற்று. 2018 ஏலத்தில் பஞ்சாப் கூடுதலாகக் கேட்டது, அவ்வளவுதான் காரணம். ஓர் எழுத்தாளர் தம் பதிப்பாளரைவிட்டு விலகலாம், ஆனால் அடுத்த பதிப்பாளர் யாரென்பதை ஏலம் தீர்மானிக்கும் என்றால் நாம் ஒப்புவோமா?

மூன்றாவது மறுப்பே மிகுதியும் கேட்கப்படுவது. கோடிகளில் புரள்பவருக்காகக் கண்ணீர் விடுவதா? உழைப்பவன் எத்தனையோ பேர் வாட, இவருக்கு வக்காலத்தா?

நான் கண்ணீர் விடவில்லை, முறையைப் பற்றிப் பேசுகிறேன். இந்த மறுப்பை ஆரணியில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்கு வியப்பைத் தருகிறது. எங்கள் ஊரைப் பட்டுப் புடவையால் அறிவீர்கள். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி தருவார். நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அந்த முன்பணம் தீராமல் வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது. கூலி அதிகம் தரும் வேறொருவர் இருந்தால், அந்தப் புதியவர் பழைய பாக்கியை அடைத்துவிட்டு நெசவாளியைத் தம் பக்கம் எடுத்துக்கொள்வார். பாக்கி அப்படியே புதிய கணக்குக்கு மாறும். நெசவாளி தறியைவிட்டு எழாமலே கைமாறிவிடுவார். நான் பாடம் நடத்தும் பிள்ளைகளில் பலர் இத்தகைய வீடுகளிலிருந்து வருகிறார்கள். 'அப்பா இப்போ வேற ஆளுக்கு நெய்றாரு' என்று அவர்கள் சொல்லும்போது அந்த வாக்கியத்தின் எழுவாய் அப்பா அல்லர் என்று எனக்குத் தெரியும்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கூலி கொடுக்காமையை மட்டும் குற்றமாக்கவில்லை. முன்பணத்துக்கு ஈடாக வேறு வேலை தேடும் சுதந்திரத்தை இழப்பதையும் கொத்தடிமைத்தனத்தின் கூறாகவே கொண்டது. ஜடேஜா கொத்தடிமை என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அவருடைய ஒரு பருவச் சம்பளத்தில் எங்கள் தெருவே வாழ்ந்துவிடும். நான் சொல்வது, உழைப்பவர் எங்கே உழைப்பது என்பதை இரு முதலாளிகள் தமக்குள் பேசி முடிப்பது தறிக்குழியில் தவறென்றால், ஆடுகளத்தில் அது 'வியூகம்' ஆகிவிடாது என்பதே. தொகை கூடினால் முறை மாறாது. மாறாகச் சொல்வதானால், கோடி பெறுகிறவருக்கே பேசும் உரிமை இல்லை என்பதை நாம் கைதட்டி ஏற்றுக்கொண்டால், கூலி பெறுகிறவருக்கு அந்த உரிமை வேண்டும் என்று நாளை எந்த வாயால் கேட்போம்?

இதே மறுப்பை அமெரிக்காவில் ஒருவர் முன்பே எதிர்கொண்டார். கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பினப் பேஸ்பால் வீரர். செயின்ட் லூயி அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். ஆம், சென்னைக்கு ஜடேஜா ஆடிய அதே எண்ணிக்கை. 1969 அக்டோபரில் அவரைப் பிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றினார்கள். அவர் போகவில்லை. தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கி விற்கத் தாம் ஒரு பொருள் அல்லர் என்று அந்த டிசம்பரில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குபவர் அடிமைமுறை பற்றிப் பேசலாமா என்று அவரையும் கேட்டார்கள். நல்ல சம்பளம் பெற்றாலும் அடிமை அடிமையே என்ற பொருளில் அவர் பதிலளித்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையோ அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் 1973இல், பத்தாண்டு ஆடி, கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்த வீரர் தம்மைக் கைமாற்றுவதைத் தடுக்கலாம் என்ற விதி வந்தது. 1975 இறுதியில் ஒப்பந்தம் முடிந்த வீரர் தம் அணியைத் தாமே தேடிக்கொள்ளும் உரிமையும் வந்தது. 1995இல் ஐரோப்பியக் கால்பந்தில் பெல்ஜியத்தின் பாஸ்மன் என்ற சாதாரண ஆட்டக்காரர் தொடுத்த வழக்கு அங்கே அதே உரிமையை நிலைநாட்டியது. இவற்றால் பேஸ்பாலும் அழியவில்லை, கால்பந்தும் அழியவில்லை.

5

இனிக் கண்ணீர்க் கட்சி. அதன் அடிப்படைச் சொல் விசுவாசம். நம் மரபுச் சொல்லில் செஞ்சோற்றுக் கடன்.

அந்தச் சொல்லுக்கு உரிய கர்ணனை எண்ணிப் பாருங்கள். பாண்டவரிடம் வரலாம், மூத்தவனாக முடிசூடலாம் என்று கண்ணன் அவனுக்கு வழி காட்டினான். அவன் மறுத்தான். போக வழி இருந்தும் நின்றான் என்பதாலேயே அவன் நின்றது பெரிதாயிற்று. கம்பனில் வீடணன் போனான், கும்பகருணன் நின்றான். எது அறம் என்று நம் பட்டிமன்றங்கள் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் இருவரும் தாமே முடிவெடுத்தவர்கள் என்பதில் எந்த அணியும் ஐயம் எழுப்பியதில்லை. இராவணன் வீடணனைக் கொடுத்து இராமனிடமிருந்து ஒருவனை மாற்றிக்கொண்டிருந்தால் பட்டிமன்றம் ஏது?

புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் இன்னும் தெளிவானவர். இளவெளிமான் தந்த சிறு பரிசிலை மறுத்து வெளியேறினார். குமணனிடம் சென்று யானையைப் பரிசாகப் பெற்று, அதைக் கொண்டுவந்து வெளிமானின் காவல் மரத்திலே கட்டிவிட்டுப் போனார். தம் புலமைக்கு உரிய புரவலரைத் தாமே தேடிக்கொண்டவர் அவர். நம் இலக்கியம் அவரைத் துரோகி என்று எழுதவில்லை. அந்தப் பெருமிதத்தை ஈராயிரம் ஆண்டாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

விலக முடியாத இடத்தில் விசுவாசம் என்ற பேச்சுக்கே பொருளில்லை. சென்னை அணியோ அந்தச் சொல்லைத்தான் பல ஆண்டுகளாக நமக்கு விற்றது. இது அணியன்று, குடும்பம் என்றது. குடும்பத்தில் பண்டமாற்று உண்டா என்று கண்ணீர்க் கட்சி கேட்கும் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கட்சியின் கையும் சுத்தமில்லை. 2023இல் ஜடேஜா ஆட்டமிழந்தால்தான் தோனி களமிறங்குவார் என்று, சேப்பாக்கத்தில் அவர் விக்கெட் விழுந்தபோது ஆரவாரித்தது யார்? அதை அவரே செய்தியாளரிடம் சிரித்துக்கொண்டு சொல்ல நேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் நிரந்தர இடம். ஐந்தாண்டாகப் பன்னாட்டு ஆட்டம் ஆடாதவரைப் புதியவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதி திரும்ப வந்து, தோனி 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். மற்றவர்கள் எல்லாரும் தராசில் ஏறத்தக்கவர்களே.

துரோகம் என்ற சொல்லுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அது முதலாளியின்மேல் விழாமல் வீரர்மேல் விழும். 2023 நவம்பரில் ஹார்திக் பாண்டியா குஜராத் டைட்டன்ஸிலிருந்து மும்பைக்கு மாற்றப்பட்டார். 2024 பருவத்தில் அகமதாபாத் கூட்டம் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தது. ரோகித்தின் தலைமை அவருக்குக் கொடுக்கப்பட்டதற்காகச் சொந்த அணியின் வான்கடே கூட்டமும் அவரையே அவமதித்தது. முடிவெடுத்தவர்கள் குளிரூட்டிய அறையில் இருந்தார்கள். வசவு வாங்கியவர் எல்லைக்கோட்டில் நின்றார்.

6

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் தாம் விரும்பும் அணியோடு தாமே பேசும் உரிமை வேண்டும். ஏலம் புதியவர்களுக்கும் விரும்புகிறவர்களுக்கும் இருக்கட்டும். பணக்கார அணிகள் எல்லாரையும் வாரிக்கொண்டு போய்விடும் என்பார்கள். அதைத் தடுக்கத்தானே அணிகளின் மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது?

இரண்டு, பரிமாற்றக் காலத்தில் பேச்சைத் தொடங்கும் உரிமை அணிக்கு இருந்தால் வீரருக்கும் இருக்க வேண்டும். நெடுங்காலம் ஓர் அணியில் ஆடியவரைக் கைமாற்ற நினைத்தால், போகும் இடத்தையும் தொகையையும் பேசும் மேசையில் அவருக்கு நாற்காலி போடப்பட வேண்டும்.

மூன்று, இவற்றைக் கேட்க ஓர் அமைப்பு வேண்டும். 2019இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று களத்தில் இருப்பவருக்காகப் பேரம் பேச நாட்டில் சங்கம் இல்லை. கைத்தறி நெசவாளருக்குக்கூடக் கூட்டுறவுச் சங்கம் உண்டு.

இந்த உரிமைகள் இருந்தபின் சென்னை ஜடேஜாவைப் பிரியட்டும். அவரும் சென்னையைப் பிரியட்டும். சாம்சன் தம் விருப்பத்தால் வந்து சேரட்டும். அப்போது கணக்குக் கட்சி தாராளமாகக் கணக்குப் போடலாம், கண்ணீர்க் கட்சி மனம்விட்டு அழலாம். இரண்டிலும் பொய் இருக்காது.

அதுவரை ரசிகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பரிமாற்றக் காலம் வரும். யாருக்குப் பதில் யார், எத்தனை கோடி மிச்சம் என்று பட்டியல்கள் ஓடும். அந்த நேரத்தில் இரவல் வாங்கிய முதலாளிக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு, பேச்சை முதலில் தொடங்கியவர் யார், பேசியபோது அந்த வீரர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள்.